சுருதியும் வேகமும்: ஒலிப்பதிவின் வரலாற்றில் ஓர் அத்தியாயம்

பளைப் பகுதிப் பெரியோர்க்கு 1990ஆம் ஆண்டுகளின் நிலை நன்கு நினைவிருக்கும். மின்சாரம் இல்லை, பற்றறியோ தடைசெய்யப்பட்ட பொருள். சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலி கேட்ட காலம் அது. ஒலிநாடாப் பெட்டியிலே பற்றறி வலுவிழந்தால் பாட்டு இழுபடும். கூடவே பாடகியின் குரலும் தடித்து ஆண்குரல்போல் ஒலிக்கும். வேகம் குறைந்தால் சுருதியும் ஏன் இறங்கவேண்டும்?

ஒலி என்பது அதிர்வு. ஒரு விநாடியில் எத்தனை அதிர்வு என்பதே சுருதியை நிர்ணயிக்கின்றது. பதிவை இருமடங்கு வேகத்தில் ஓட்டினால் அதிர்வுகளும் இருமடங்காகும். குரல் ஒரு ஸ்தாயி மேலேறும். மூன்று நிமிடப் பாட்டு ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். 1877இல் எடிசன் அமைத்த, கையாற் சுழற்றும் பொனோகிராப்புக்கும் இதுவே விதி.

1902இல் கல்கத்தாவிலே கௌஹர் ஜானின் பாட்டு இசைத்தட்டிற் பதிவாயிற்று. அக்காலத் தட்டுகளுக்குப் பொதுவான வேகம் இருக்கவில்லை. நிமிடத்துக்கு 78 சுற்று என்னும் அளவு 1920ஆம் ஆண்டுகளிலேதான் நிலைபெற்றது. வேகம் நூற்றுக்கு ஆறு பங்களவு கூடினாலே சுருதி அரைச்சுரம் உயரும். அதாவது 78க்குப் பதில் ஏறத்தாழ 82½ சுற்றுப் போதும். 1933இல் இளவயதிலே மறைந்த செங்கோட்டை கிட்டப்பாவின் குரலை நாம் இசைத்தட்டு மூலமே அறிவோம். உச்ச சுருதிக்குப் பெயர்பெற்ற அவருடைய தட்டைச் சற்று விரைவாகச் சுழலும் பெட்டியிற் கேட்பவர், அவர் பாடாத சுருதியையே கேட்பவராவார்.

சுருதியையும் வேகத்தையும் பிரிக்க அறிஞர் பலர் முயன்றனர். 1946இல் டெனிஸ் காபர் அதற்கொரு வழியை ஆராய்ந்து வெளியிட்டார். 1966இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த பிளனகன், கோல்டன் ஆகிய இருவரும் கணினியாற் செய்யத்தக்க ஒரு முறையை வகுத்தனர். 2000ஆம் ஆண்டில் வெளியான ஓடாசிற்றி என்னும் இலவச மென்பொருள் போன்றவற்றால் இவ்வாற்றல் இன்று வீட்டுக்கணினிக்கும் வந்துவிட்டது. இதனைச் செய்யும் வழிகளுள் எளியதொன்று இது: ஒலியைச் சிறுசிறு துண்டுகளாக வெட்டி, சில துண்டுகளை மீளச் சேர்த்து, ஓரங்களை ஒன்றன்மேலொன்று படியவைத்தால் சுருதி மாறாமலே பாட்டு நீளும். அவ்வாறு நீட்டியதைப் பின்னர் விரைவாக ஓட்டினால், பழைய நேரத்திலேயே சுருதி மட்டும் உயரும்.

இசை பயிலும் இளைஞர்க்கு இது பெரும் பேறாகும். நாதஸ்வர மேதை இராஜரத்தினம்பிள்ளையின் பிருகாக்களைச் சுருதி குலையாமல் பாதி வேகத்திற் கேட்டுச் சுரம் சுரமாகப் பயிலலாம். ஆயினும் வசதி வளர வளரப் பொறுப்பும் வளர்கின்றது. முன்னர் வேகம் பிழைத்தால் பாட்டின் நீளமும் பிழைத்து ஏதோ தவறென்பதை உணர்த்தும். இன்றோ சுருதியை மாற்றினாலும் நேரம் மாறாது. கேட்பவர்க்கு ஐயமே எழாது.

ஆகவே, இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். போரிலும் இடப்பெயர்விலும் அழியாது எஞ்சிய ஒலிநாடாக்கள் நம் வீடுகளிலே இருத்தல் கூடும். அவற்றைக் கணினியிலேற்றும்போது மூலப்பதிவை மாற்றாமல் ஒரு பிரதி வையுங்கள். திருத்திய பிரதியில் என்ன செய்தீர்கள் என்பதை எழுதிவையுங்கள். பாடியவர் எச்சுருதியிற் பாடினார் என்பதைப் பெரியோரிடம் இன்றே கேட்டறியுங்கள். இயந்திரம் எத்தனை விதமாகவும் பாடவைக்கும். பாடியவர் உண்மையில் எப்படிப் பாடினார் என்பதைச் சொல்லவல்லவர் கேட்டவர் மட்டுமே.