சியால்தா: ஒரு ரயில் நிலையத்தின் பெயரில் வாழும் நரி

"குடியிருப்புக்குள் நரி புகுந்தது" என்னும் தலைப்பை இந்திய நகரங்களின் நாளிதழ்களில் அவ்வப்போது காண்கிறோம். மொழியியல் பயின்றவருக்கு அத்தொடரில் முதலில் கண்ணில் படுவது எழுவாய். புகும் வினையைச் செய்வது நரி. குடியிருப்போ காலங்காலமாக அங்கேயே இருந்ததுபோல் நிற்கிறது. இந்த இலக்கணம் வரலாற்றோடு பொருந்துகிறதா? கொல்கத்தாவை முன்வைத்துப் பார்க்கலாம்.

முதலில் சொல். இங்கு நான் நரி என்பது ஆங்கிலேயர் ஜாக்கால் என்று அழைக்கும் விலங்கை. 1930களிலிருந்து லண்டன் புறநகர்த் தோட்டங்களில் குடியேறிய செந்நரி வேறு இனம். நம் நகரங்களின் ஓரத்தில் அதன் இடத்தை வகிப்பது இவ்விலங்கு. சமஸ்கிருதத்தில் சிருகால, பாலியில் சிகால, வங்காளத்தில் ஷியால். அதே சொல் பாரசீகத்தில் ஷகால் ஆகி, துருக்கி வழியாக ஆங்கிலத்தை அடைந்து ஜாக்கால் ஆயிற்று. நாம் அயற்சொல் என்று எண்ணுவது, இங்கிருந்து புறப்பட்டுச் சென்று திரும்பிவந்த சொல்.

அடுத்து இடம். கொல்கத்தாவின் புறநகர் ரயில்கள் வந்து குவியும் சியால்தா நிலையத்தின் பெயர் வங்காள எழுத்தில் 'ஷியால்தஹ'. 'ஷியால்' நரி; 'தஹ' ஆழ்ந்த நீர்நிலை. கர்தஹ, சாக்தஹ முதலிய ஊர்ப்பெயர்களிலும் இவ்வீறு உண்டு. ஊர்ப்பிரிவைக் குறிக்கும் 'டிஹி' என்னும் சொல்லோடு அதனை இணைப்போரும் உளர். எவ்வாறாயினும் பெயரின் முற்பகுதியில் நரியையே காண்கிறார்கள்.

மராட்டியர் படையெடுப்புக்கு அஞ்சி 1742இல் தோண்டத் தொடங்கிய அகழி, அக்காலக் கல்கத்தாவின் விளிம்பு. பின்னர் அகழி தூர்க்கப்பட்டு அவ்வழியே வட்டச்சாலை அமைந்தது. சியால்தா அச்சாலையின் ஓரத்தில் உள்ளது. அதற்குக் கிழக்கே சதுப்பும் உப்பு ஏரிகளும் பரந்திருந்தன. 1862இல் இங்கிருந்து குஷ்டியாவுக்கு ரயில் ஓடத் தொடங்கியது. 1960களில் ஹூக்ளியின் வண்டலைக் கொண்டு ஏரிப்பரப்பின் ஒரு பகுதியை மேடாக்கி, சால்ட் லேக் என்னும் புறநகரை எழுப்பினார்கள்.

ஆயினும் 'நகரம் ஆக்கிரமித்தது' என்று எழுவாயை மாற்றிவிட்டு அமைதி கொள்வதும் எளிதன்று. 1947க்குப் பின் கிழக்கு வங்கத்திலிருந்து வந்த அகதிகள் இதே சியால்தாவின் நடைமேடைகளில் மாதக்கணக்கில் கிடந்தார்கள். பின்னர் அவர்களுள் பலர் யாதவ்பூர் போன்ற தெற்குப் புறநகர்களின் தாழ்நிலங்களைத் திருத்திக் குடியேற்றங்கள் அமைத்தார்கள். புகலிடம் தேடியவர்கள், பிற உயிர்களின் புகலிடத்தில் வீடு கட்ட வேண்டியிருந்தது. அவர்களை ஆக்கிரமிப்பாளர் என்று அழைக்க எனக்கு மனம் வரவில்லை.

பஞ்சதந்திரத்தில் சண்டரவன் என்றொரு நரி பசியால் ஊருக்குள் வருகிறது; நாய்கள் துரத்தச் சாயத்தொட்டியில் விழுந்து நீலமாகிறது. நீலநிறத்தை நாம் நினைவில் வைத்திருக்கிறோம். அக்கதை தொடங்கும் இடம் ஊரின் விளிம்பு என்பதை மறந்துவிட்டோம். நரியும் மனிதரும் ஒரே விளிம்பில் வாழ்ந்த பழமைக்கு அக்கதையும் ஒரு சான்று.

டாலிகஞ்சின் கோல்ஃப் புல்வெளிகளிலும் டம்டம் விமான நிலைய வளாகத்திலும் நரிகள் இன்றும் வாழ்கின்றன. அவற்றைக் குறிக்க 'புகுந்தது' என்பதினும் 'எஞ்சியிருக்கிறது' என்பதே பொருத்தமான வினை. வினைச்சொல் மாறினால் தீர்வும் மாறும். புகுந்ததை அகற்றச் சொல்வோம், கூண்டு கொண்டுவருவோம். எஞ்சியதற்கோ ஒரு புதர்க்காட்டையும் ஒரு குளத்தையும் விட்டுவைப்பதைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்.

உங்கள் நகரத்தின் ஊர்ப்பெயர்களில் எந்த விலங்கு எஞ்சியிருக்கிறது? அறிந்தவர்கள் எழுதுங்கள்.