நிணநீர்க்கணு திசு ஆய்வின் வரலாறு

மேட்டூர், சேலம் வட்டார மக்கள் 'நெறி கட்டுதல்' என்று சொல்வது நிணநீர்க்கணு வீக்கத்தையே ஆகும். காலில் முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும்; புண் ஆறியதும் வடிந்துவிடும். சில வாரங்களாகியும் வடியாத கணுவை முழுமையாகவோ பகுதியாகவோ வெட்டியெடுத்து நுண்ணோக்கியில் ஆராய்வதே நிணநீர்க்கணு திசு ஆய்வு, அதாவது பயாப்சி.

கழுத்தில் மாலைபோல் திரளும் கட்டிகளைத் தமிழ் மருத்துவம் கண்டமாலை என்றது. ஆனால் காசநோய்க் கட்டியும் புற்றுக் கட்டியும் தொடுகையில் ஒன்றுபோலவே இருக்கக்கூடும். 1832இல் இலண்டனில் தாமஸ் ஹாட்ஜ்கின் கணுக்கள் பெருத்து இறந்தவர்களைப் பற்றி எழுதினார். அவர் கண்டவை பெரும்பாலும் பிணக்கூறாய்வில் தெரிந்தவை. உயிருள்ளவரிடம் திசு எடுத்து ஆராய்வதற்குப் 'பயாப்சி' என்று 1879இல் பெயரிட்டவர் பிரான்சின் எர்னஸ்ட் பெஸ்னியே. 1882இல் ராபர்ட் காக் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்தார். ஹாட்ஜ்கின் நோயும் காசநோயின் ஒரு வடிவமே எனச் சிலர் கருதிய நிலையில், அதற்கே உரிய பெரிய உயிரணுக்களை 1902இல் விவரித்த டோரத்தி ரீட், இரண்டும் வேறு எனக் காட்டினார்.

சென்னையில் 1956இல் தொடங்கிய காசநோய் மருத்துவ மையம், பின்னாளில் காசநோய் ஆராய்ச்சி மையமானது. திசு ஆய்வால் கணுக் காசநோய் உறுதிசெய்யப்பட்ட குழந்தைகளுக்கு 6 மாத மருந்து நல்ல பலன் தருவதை அம்மையத்தின் ஆய்வு 1990இல் வெளியிட்டது.

இன்று முதலில் ஊசியால் உயிரணுக்களை உறிஞ்சிப் பார்க்கின்றனர். அதில் தெளிவு கிடைக்காதபோதும், நிணநீர்ப் புற்று என ஐயம் எழும்போதும் கணுவையே எடுத்து ஆராய்கின்றனர். இரு நோய்களுக்கும் மருந்து வேறு என்பதால், மருந்து தொடங்குமுன் நோய் இன்னதென அறிவது இன்றியமையாதது.