குற்றவாளியைக் கேட்கும் திரை: சேலம், நாமக்கல் சமவெளி எழுத்தில் அவலக் காதல்

சேலம், நாமக்கல் சமவெளியோடு தொடர்புடைய எழுத்தாளர்களின் கதைகள் திரைக்குச் சென்ற வரலாற்றில், காதலர் கூடி வாழும் கதைகளுக்குக் கிடைத்த வரவேற்பும் அவலக் காதல் கதைகளுக்கு நேர்ந்த கதியும் ஒப்பிட்டு ஆராயத்தக்கவை. அன்பு குறையாதிருக்கும்போதே புறக்காரணங்களால் பிரிவிலோ சாவிலோ முடியும் உறவு இங்கு அவலக் காதல் எனக் குறிக்கப்படுகிறது. அத்தகைய கதை எழுப்பும் முதன்மையான கேள்வி, அவ்விருவரையும் அழித்தது எது என்பதாகும். அச்சில் அக்கேள்விக்கு ஊர் முழுவதையும் விடையாகத் தர இயலும். வெகுமக்கள் திரைப்படமோ பெரும்பாலும் பெயரும் முகமும் உடைய ஒரு குற்றவாளியைக் கேட்கிறது. எக்கதை எளிதில் படமாகிறது, எது படமாகத் தயங்குகிறது என்பதைக் கதையின் துயர முடிவைவிட இந்த எதிர்பார்ப்பே பெரிதும் தீர்மானிக்கிறது எனலாம்.

1935இல் டி. ஆர். சுந்தரம் சேலத்தில் நிறுவிய மாடர்ன் தியேட்டர்ஸ் இப்பகுதியிலேயே இயங்கியபோதும், அதன் படங்கள் இம்மண்ணின் காதலை அதிகம் நாடவில்லை. பாரதிதாசனின் ‘எதிர்பாராத முத்தம்’ என்னும் குறுங்காவியத்தைத் தழுவி எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் 1950இல் அந்நிறுவனம் எடுத்த ‘பொன்முடி’யின் களம் பூம்புகார். நாமக்கல் கவிஞர் வெ. இராமலிங்கம் பிள்ளையின் ‘மலைக்கள்ளன்’ நாவலோ கோவை பட்சிராஜாவின் தயாரிப்பாக 1954இல் வெளிவந்து, ஆறு மொழிகளில் படமாகும் அளவுக்குப் புகழ்பெற்றது. அதில் கள்வன் உண்மையில் குமாரவீரன் எனத் தெரியவர, பூங்கோதையுடனான அவன் காதல் எந்த ஊர்க்கட்டையும் உடைக்காமலே நிறைவேறுகிறது.

மறுஆண்டு வெளிவந்த ‘கள்வனின் காதலி’ படத்திலும் ‘மலைக்கள்ளன்’ படத்தைப் போலவே நாயகி பி. பானுமதிதான், ஆனால் கல்கி எழுதிய அந்தக் கள்வனுக்கு அத்தகைய இனிய முடிவு காத்திருக்கவில்லை. புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்தில் ராஜாஜியுடன் ‘விமோசனம்’ என்ற மதுவிலக்கு இதழில் பணியாற்றிய கல்கி, கொள்ளிடக்கரையைக் களமாகக் கொண்டு 1937இல் தொடராக எழுதிய இந்நாவலில், வறுமை, பொருந்தா மணம், மடத்து அதிகாரியின் அடாத செயல், காவல்துறை ஆகியவற்றைக் கள்வன் முத்தையனின் வீழ்ச்சிக்கு அடுக்கடுக்காகக் காரணமாக்குகிறார். எனினும் இறுதியில் பெண்வேடத்திலிருந்த அவன் நண்பனைக் கண்டு காதலி கல்யாணி கொள்ளும் தவறான ஐயமே அழிவைக் கொணர்வதால், சமூகம் சுமக்கவேண்டிய பழியின் பெரும்பகுதி ஒரு கணநேரப் பொறாமையின் மேல் இறங்கிவிடுகிறது. நாடகத்தன்மை மிக்க இத்திருப்பம் திரைக்கு உகந்தது. நாவலின் சமூக விசாரணைக்கு அது செய்த கேடும் சிறிதன்று.

ராஜாஜியின் ‘திக்கற்ற பார்வதி’ இவ்வரிசையில் தனித்து நிற்கிறது. சேலத்தில் வழக்கறிஞராகத் தொழில் நடத்தியவரும், 1925இல் திருச்செங்கோட்டுக்கு அருகே அந்தப் புதுப்பாளையம் ஆசிரமத்தை அமைத்து உழைப்பாளர் குடும்பங்களை நெருங்கிக் கண்டவருமான ராஜாஜி, கருப்பன், பார்வதி என்ற இளம் தம்பதியின் இன்பமான இல்லறம் கள்ளுக்கடையால் சிதைவதைக் காட்டுகிறார். குடி கடனாகிறது, கடன் கொடுத்த வீட்டின் ஆண்மகன் பார்வதியை நாடத் துணிகிறான், அது வன்முறையாகி நீதிமன்றத்தை எட்டுகிறது. ஒவ்வொரு கண்ணியையும் பின்னோக்கி இழுத்துச் சென்றால் கள்ளுக்கடையின் வாசலே எஞ்சுமாறு கதை கட்டப்பட்டிருக்கிறது. 1937 அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கை நடைமுறைப்படுத்திய ஆட்சியாளரான ராஜாஜியின் தருக்கம் இது: காரணம் ஒன்றெனில் அதை ஓர் ஆணையால் நீக்கிவிடலாம்.

சிங்கீதம் சீனிவாச ராவ் 1974இல் இதைப் படமாக்கியபோது, 1971இல் தளர்த்தப்பட்ட மதுவிலக்கு தமிழகத்தில் பெரும் விவாதமாக இருந்தது. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளியில் படப்பிடிப்பு நடந்தது. வீணைக் கலைஞர் சிட்டிபாபு இசையமைத்தார். சிறந்த தமிழ்ப் படத்துக்கான தேசிய விருதும் கிடைத்தது. மூலக்கதையே குற்றவாளியைத் தெளிவாகச் சுட்டிவிட்டதால் தழுவியவர் புதிதாக ஒரு வில்லனைப் படைக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் பார்வதியாக நடித்த லட்சுமியின் முகத்தோடு கேமரா நெடுநேரம் தங்கியாக வேண்டியிருப்பதால், கதையில் குடியின் தீங்குக்குச் சான்றாக நின்ற பார்வதி படத்தில் குடி, கணவன், கடன், வழக்கு அனைத்தின் சுமையையும் தாங்கும் பெண்ணாகிறாள். கடையை மூடினால் மட்டும் அவள் துயர் தீருமா என்ற ஐயம் அங்கே எழுகிறது. ஆசிரியரின் தருக்கத்தை மீறிச் செல்லும் இவ்விடத்தில் படம் மூலத்தைவிட ஒருபடி உயர்ந்தது என்றே மதிப்பிட வேண்டும்.

மதுவைப் போல ஓர் ஆணையால் விலக்க இயலாத காரணத்தைக் கையிலெடுத்தது பெருமாள்முருகனின் ‘பூக்குழி’ (2013). தோலூரில் சோடாக் கடையில் வேலை செய்த குமரேசன், அங்கே வேறு சாதியில் பிறந்த சரோஜாவை மணந்து தன் ஊரான காட்டுப்பட்டிக்கு அழைத்துவருகிறான். சங்க இலக்கியத்தில் தலைவனும் தலைவியும் பெற்றோர் அறியாமல் ஊர்நீங்கும் உடன்போக்கைப் பாடிய புலவர் பலர், அவ்விருவரையும் பாலை வழியிலேயே விட்டுவிடுவர்; சென்று சேர்ந்த ஊரில் அவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பது அப்பாடல்களின் கவலை அன்று. ‘பூக்குழி’ அவர்கள் பேருந்திலிருந்து இறங்கும் இடத்தில் தொடங்குகிறது. அதன்பின் குமரேசனின் தாய் மாராயியின் ஓயாத ஒப்பாரி, உறவினரின் ஏச்சு, வேடிக்கை பார்க்க வருவோரின் கேள்விகள், ஊர்க்கூட்டம் விதிக்கும் விலக்கு என அழிவு பலர் கையிலும் சிறிது சிறிதாகப் பகிரப்பட்டிருக்கிறது. தனித்துப் பார்த்தால் இவர்களுள் எவரும் வில்லன் அல்லர். கைம்பெண்ணாய் மகனை வளர்த்தெடுத்த மாராயியிடம் வாசகருக்கு இரக்கம்கூடத் தோன்றும்.

இந்நாவல் எந்தச் சாதியின் பெயரையும் சொல்வதில்லை. அச்சில் இம்மௌனம் வலிமையானது. வாசகர் தம் ஊர்ச் சாதியை அவ்விடத்தில் வைத்துப் படிக்க அது இடம் தருகிறது. திரையில் வீட்டின் அமைப்பு, உடை, கோயில், பேச்சுவழக்கு ஆகிய அனைத்தும் கண்ணுக்கும் செவிக்கும் புலப்பட்டே தீரும் என்பதால், பெயரைச் சொல்லாமல் விடுவது அங்கே மழுப்பலாகவே தோன்றக்கூடும். சொன்னாலோ நாவலின் பொதுமை குறுகும்.

பெருமாள்முருகனின் எழுத்தே திரைக்கு ஒவ்வாதது என்று இதனால் முடிவுசெய்ய இயலாது. அவருடைய ‘கோடித்துணி’ சிறுகதையிலிருந்து விபின் ராதாகிருஷ்ணன் ‘அங்கம்மாள்’ படத்தை உருவாக்கியிருக்கிறார். ஆனால் அக்கதையில் மோதல் ரவிக்கை என்ற ஒற்றைப் பொருளைச் சுற்றித் திரண்டிருப்பதால், காட்சிக்குப் பிடிமானம் கிடைக்கிறது. ‘பூக்குழி’யிலோ பகை பெரும்பாலும் குடிசைக்கு வெளியே கேட்கும் பேச்சாகவே வருகிறது, அந்தப் பேச்சுவழக்கு முழுதும் பிடிபடாத சரோஜாவின் செவி வழியாகவே வாசகரும் அதைக் கேட்கிறார். ஆகவே இதைத் தழுவ முனைபவர் முதலில் ஒலியை நம்பவேண்டும். அடுத்து, குமரேசனின் மாமன்களுள் ஒருவனை வில்லனாக்கும் வசதியைத் துறக்கவேண்டும். கடினமானது முடிவுதான். சரோஜா மறைந்திருக்கும் புதரைச் சுற்றித் தீ மூட்டப்படும்போது நாவல் நின்றுவிடுகிறது, பிணத்தைக் காட்டுவதில்லை. அதைத் திரையில் எரித்துக் காட்டினால் பார்வையாளர் அழுதுவிட்டு எழுந்துபோவர்; காப்பாற்றினாலோ ஊரை மன்னித்துவிட்டதாகும்.