காடைக் கூண்டின் கூரை

காடை தரையில் வாழும் பறவை. கிளைகளில் அமராது, புல்லுக்குள் ஒடுங்கி நடக்கும், அரவம் கேட்டால் ஓடி ஒளியும். ஒளிய வழியில்லாதபோது செங்குத்தாக, மிகுந்த விசையுடன் மேலே எழும்பும். வெட்டவெளியில் உயிரைக் காக்கும் இந்தப் பாய்ச்சலே கூண்டுக்குள் ஆபத்தாகிவிடுகிறது. தலைக்கு மேல் பலகையோ கம்பியோ இருந்தால் மண்டைத் தோல் கிழியும். சில வேளை கழுத்தும் முறியும். அதனால் காடையை வீட்டுக்குள் வளர்க்க முற்பட்டவர்கள் முதலில் கவனிக்க வேண்டியிருந்தது கூரையைத்தான்.

சீனாவில் காடைச் சண்டை நெடுங்காலப் பொழுதுபோக்கு. சிங் அரச மரபின் காலத்தில் சண்டைக் காடைகளைச் சுருக்குக் கயிறு வைத்த துணிப்பைகளில் இட்டு இடுப்பில் தொங்கவிட்டுக்கொள்வார்கள். பையின் இருட்டில் பறவை அமைதியாக இருக்கும். துள்ளினாலும் மெத்தென்ற துணியில்தான் படும். வளர்ப்பவரின் உடற்சூடும் கைப்பழக்கமும் அதைச் சாதுவாக்கின.

குரலுக்காகக் காடை வளர்ப்பது ஜப்பானில் வேரூன்றியது. மூரோமாச்சிக் காலத்திலேயே (1336–1573) அங்கே வீடுகளில் காடைகள் வளர்ந்தன. ஆண் காடையின் கூவலைப் போர்வீரர்கள் நற்சகுனமாகக் கொண்டனர். எடோ காலத்தில் (1603–1868) அந்தக் கூவலை ஒப்பிட்டுத் தரம் பிரிக்கும் போட்டிகள் நடந்தன. பிரபுக்களும் செல்வந்த வணிகர்களும் தங்கள் பறவைகளை அவற்றுக்குக் கொண்டுவந்தனர்.

அக்காலத்துக் காடைக் கூண்டு மரப்பெட்டி போன்றது. முன்புறம் நெருக்கமாக நிறுத்திய சட்டங்கள். மேலே பலகைக்குப் பதிலாக இழுத்துக் கட்டிய வலை. எகிறும் பறவை வலையில் தலை பட்டு, காயமின்றிக் கீழே இறங்கும். செல்வர் வீட்டுக் கூண்டுகளில் அரக்குப் பூச்சும் பொன்தூள் ஓவியமும் சிப்பிப் பதிப்பும் மின்னின. ஆனால் எத்தனை விலை உயர்ந்த கூண்டானாலும் பறவையைக் காத்தது அந்த எளிய வலைதான். காடைக் கூண்டு அன்றைய நகர வாழ்வில் எவ்வளவு பழகிய பொருள் என்பதற்குக் கபுகி நாடக அரங்கே சான்று. பக்கவாட்டின் கீழ்த்தளத்தில், முன்னால் சட்டங்கள் அடித்த இருக்கைப் பகுதிக்குக் காடையின் பெயரான ‘உசுரா’ என்பதையே வைத்திருந்தனர். தோசா மிட்சுவோகி (1617–1691) போன்ற ஓவியர்களும் காடையை விரும்பி வரைந்தனர்.

கூரைக்கு அடுத்தது வெளிச்சம். குளிர்காலத்தில் மாலைக்குப் பிறகும் விளக்கேற்றி, பருவத்துக்கு முன்பே பறவைகளைப் பாடவைக்கும் வழக்கம் ஜப்பானியப் பறவை வளர்ப்போரிடம் இருந்தது. பகல் நீண்டால் இனப்பெருக்கப் பருவம் விழித்துக்கொள்ளும் என்பதை அவர்கள் அனுபவத்தால் அறிந்திருந்தார்கள். முட்டையிடும் காடைகளுக்கு இன்று நாளொன்றுக்கு 14 முதல் 16 மணி நேரம் வெளிச்சம் தருவதும் இதே அடிப்படையில்தான்.

20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காடையின் பயன் மாறியது. குரலை விட முட்டைக்கு மதிப்புக் கூடியது. ஐச்சி மாநிலத்தின் டோயோஹாஷி நகரம் காடைப் பண்ணைகளின் மையமாக வளர்ந்தது. ஒற்றைப் பறவைக்கான கூண்டு போய் அடுக்குக் கூண்டுகள் வந்தன. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும்போது உயரம் குறைந்தது. எழும்ப இடமில்லாத பறவைக்கு விசையும் பிறக்காது. அடியும் பலமாகப் படாது. ஆனால் இந்தத் தீர்வுக்குப் பறவை விலை கொடுத்தது. கம்பித் தரை பாதங்களைப் புண்ணாக்கியது. மண்ணில் புரண்டு இறகைத் தூய்மை செய்யும் வாய்ப்பும் பறிபோனது.

இரண்டாம் உலகப் போரில் ஜப்பானின் வளர்ப்புக் காடைகளில் பெரும்பகுதி அழிந்தது. தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து வளர்த்த பாடும் காடை வம்சங்கள் மறைந்தன. எஞ்சிய சில பறவைகளைக் கொண்டே முட்டைத் தொழில் மீண்டும் எழுந்தது. 1950-களின் இறுதியில் அமெரிக்க ஆய்வகங்களும் இந்தச் சிறு பறவையை ஏற்றன. 17 அல்லது 18 நாளில் பொரித்து, ஆறேழு வாரத்தில் முட்டையிடத் தொடங்குவது ஆய்வுக்கு வசதியாக இருந்தது. 1990 மார்ச்சில் மிர் விண்வெளி நிலையத்தில் காடைக் குஞ்சு பொரித்தது. எடையின்மையில் குஞ்சுகளால் நிலைகொள்ளவோ சரிவர இரையெடுக்கவோ முடியவில்லை.

ஜப்பானியக் காடை 1974-ல் இந்தியாவுக்கு, உத்தரப் பிரதேசத்தின் இசத்நகருக்கு வந்தது. தமிழ்நாட்டில் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘நந்தனம்’ காடை பரவியது. இங்கே தரையில் கூளம் பரப்பி வளர்க்கும் ஆழ்கூள முறை, கூண்டு முறை இரண்டும் உண்டு. கூண்டின் உயரம் ஏறத்தாழ 10 அங்குலம். குஞ்சுகள் தண்ணீர்த் தட்டில் விழுந்து மூழ்காமலிருக்கக் கோலிக்குண்டுகளைப் போட்டு வைப்பது பண்ணையாளர்களின் வழக்கம். பொரித்த நாளில் குஞ்சின் எடை 10 கிராம்கூட இருக்காது.

பறவையின் நலனும் பிற்காலத்தில் சட்டத்தில் இடம்பெற்றது. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2010-ம் ஆண்டு ஆணை, ஆய்வகக் காடைக் கூண்டின் பரப்பு 1 சதுர மீட்டருக்குக் குறையக் கூடாது என்கிறது. 150 கிராம் வரை எடையுள்ள காடைக்குக் குறைந்தது 20 சென்டிமீட்டர் உயரமும், அதற்கு மேற்பட்டதற்கு 30 சென்டிமீட்டரும் தேவை. வீட்டுக்குள் செல்லமாக வளர்ப்போர் இன்று இரு வழிகளில் ஒன்றைத் தேர்கிறார்கள்: விசை பிறக்காத தாழ்ந்த கூரை, அல்லது எடோ காலத்தைப் போலத் துணியோ வலையோ கட்டிய மெத்தென்ற கூரை. அதனுடன் கம்பியில்லாத கெட்டித் தரை, உலர்ந்த கூளம், புரள ஒரு தட்டு மணல், ஒதுங்க ஒரு மறைவிடம், பூனையும் எலியும் நுழைய முடியாத அடைப்பு ஆகியவையும் சேர்ந்தால்தான் அது காடைக்கு ஏற்ற வீடு.