கம்பியை வைத்திருப்பவர்

தொண்ணூறுகளில் தாம்பரம், குரோம்பேட்டை மொட்டைமாடிகளைத் தாண்டிச் சென்ற கேபிள் கம்பிகளை நாம் மறக்கவில்லை. எந்த அலைவரிசை வீட்டுக்கு வரும் என்பதைக் கம்பியை வைத்திருந்தவரே தீர்மானித்தார். 2003 செப்டம்பரில் சென்னையில் செட்டாப் பாக்ஸ் முறை வந்தபின், பெட்டி வாங்காதோருக்குக் கட்டண அலைவரிசைகள் மறைந்தன.

இணையமும் அவ்வழியே போகாமல் தடுத்தது, 2016 பிப்ரவரி 8 அன்று டிராய் பிறப்பித்த ஆணை: எதைப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்து டேட்டா விலை மாறக்கூடாது. ஃபேஸ்புக்கின் ஃப்ரீ பேசிக்ஸ் இந்தியாவில் அத்துடன் முடிந்தது.

2024 ஜூலையில் செல்பேசிக் கட்டணங்கள் உயர்ந்தன. ஓடிடி சந்தாவுக்கு மேல் அதுவும் நம் தலையில் விழுந்தது. பெரிய ஓடிடி நிறுவனங்களும் வலையமைப்புச் செலவில் பங்கு தரவேண்டும் என்று தொலைத்தொடர்பு நிறுவனங்கள் கேட்டிருக்கின்றன. அப்பங்கு சந்தாவில் ஏறி நம்மிடமே வரும். காசு கொடுத்தவருக்கே முன்வரிசை என்றாகிவிட்டால், சேலையூரில் குறும்படம் எடுத்து ஏற்றும் இளைஞர் மறுபடியும் கம்பிக்காரர் வாசலில்தான் நிற்கவேண்டும்.