பெயர் மாறியது; முகம் மாறவில்லை

பெல்ஜிய ஓவியர் எர்ஜே படைத்த டின்டின் சாகசங்களுள் ஒன்று 'மர்ம நட்சத்திரம்'. நாஜி ஆக்கிரமிப்பின் கீழ் வெளிவந்த 'லெ சுவார்' நாளிதழில் 1941 அக்டோபரில் தொடங்கி 1942 மே 21-இல் நிறைவுற்ற சித்திரத்தொடர் அது. கடலில் விழுந்த விண்கல்லை முதலில் அடைய இரு கப்பல்கள் போட்டியிடுகின்றன. எதிரணிக்குப் பணம் அளிக்கும் அமெரிக்க வங்கியாளனின் பெயர் புளூமென்ஸ்டைன். யூதப் பெயர், பருத்த மூக்கு, வாயில் சுருட்டு என அக்கால யூத வெறுப்புக் கேலிச்சித்திரங்களின் வாய்பாடு அப்படியே அவனில் பொருந்தியது. உலகம் அழியப்போகிறது என்றதும், கடனை அடைக்க வேண்டியதில்லை என மகிழும் யூத வணிகரின் காட்சியும் தொடரில் இடம்பெற்றது.

தொடர் முடிந்த ஆறாம் நாள், பெல்ஜியத்தில் யூதர்கள் மஞ்சள் நட்சத்திரம் அணிய வேண்டும் என்ற ஆணை பிறந்தது. ஆகஸ்டில் அவர்களை ஏற்றிய முதல் ரயில் மெகெலன் நகரிலிருந்து ஆஷ்விட்சுக்குப் புறப்பட்டது.

வணிகர் காட்சி நூல்வடிவில் நீக்கப்பட்டது. 1954 பதிப்பில் அமெரிக்கா 'சாவோ ரிக்கோ' என்னும் கற்பனை நாடானது; வங்கியாளன் 'போல்விங்கல்' ஆனான். மிட்டாய்க்கடையைக் குறிக்கும் பிரசல்ஸ் வட்டார வழக்கிலிருந்து எர்ஜே உருவாக்கிய பெயர் அது. அதுவும் யூதர்களிடையே வழங்கும் குடும்பப்பெயரே எனப் பின்னரே அவர் அறிந்தார்.

சொல்லைத் திருத்திய பதிப்பு கோட்டைத் திருத்தவில்லை. இன்று அதைப் படிக்கும் சிறுவருக்கு அந்த முகத்தின் வரலாறு தெரியாது. ஆயினும் வில்லன் யார் என்பதை அம்முகமே முதலில் சொல்லிவிடுகிறது.