ஒன்றே ஒன்றைத் தவிர

பிப்ரவரி 4ஆம் நாள் புனித அருளானந்தர் திருவிழா. நம் வீடுகளில் சுரூபத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன டப்பாவில் ஓரியூர்ச் செம்மண் இருக்கும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் எடுத்து நெற்றியில் பூசுகிறோம். அந்த மண்ணில் தலை வெட்டுண்டவரை எல்லோருக்கும் தெரியும். அந்த வரலாற்றில் இன்னொரு மனிதர் இருக்கிறார், தடியத் தேவர். அவரைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

வருசநாட்டு மலையில் பிறந்து நம்மூர் வழியாக இறங்குகிற வைகைத் தண்ணீர், மிச்சம் இருந்தால், கடைசியில் போய்ச் சேருவது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு. அந்தச் சீமையை அப்போது ஆட்சி செய்தவர் ரகுநாத கிழவன் சேதுபதி. அருளானந்தர் போர்த்துக்கல் நாட்டு லிஸ்பனில் 1647இல் பிறந்த ஜான் தெ பிரிட்டோ. அரண்மனையில் வளர்ந்தவர், இயேசு சபைத் துறவி. காவி உடுத்தி, பண்டாரச் சாமியாக மதுரை மறைப்பணித் தளத்தில் நடையாய் நடந்தவர். 1686இல் மறவர் சீமையில் பிடிபட்டுச் சித்திரவதைப்பட்டார். திரும்ப வந்தால் உயிர் இருக்காது என்று எச்சரித்து அனுப்பினார்கள். மறைப்பணிக் காரியமாக லிஸ்பன் போனவரை, இளமைத் தோழராக இருந்த அரசர் இரண்டாம் பேதுரு அங்கேயே இருக்கச் சொன்னார். அவர் இருக்கவில்லை. 1690இல் திரும்பிவிட்டார்.

தடியத் தேவர் மறவர் சீமையின் பெரிய தலைவர்களில் ஒருவர். அரியணைக்கு உரிமை கோரத்தக்க குடும்பம். கடும் நோயில் படுத்தவர் அருளானந்தரை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். சாமியார் உடனே போகவில்லை, ஓர் உபதேசியாரை அனுப்பினார். உபதேசியார் நற்செய்தி வாசித்துச் செபித்தார், தேவர் எழுந்து உட்கார்ந்தார். உடனே திருமுழுக்கு வேண்டும் என்றார்.

சாமியார் அவசரப்படவில்லை. தேவருக்கு மனைவியர் பலர். ஒருவரோடுதான் வாழவேண்டும், முடியாதென்றால் திருமுழுக்கு இல்லை என்று சொல்லிவிட்டார். யோசித்துப் பாருங்கள். எதிரில் நிற்பவர் செல்வாக்குள்ள ஆள். இவரோ தடை செய்யப்பட்ட அந்நியர். "முதலில் திருமுழுக்கு, மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று சொல்லியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நானாக இருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்பது எனக்கே நிச்சயமில்லை.

தேவர் மனைவியரை அழைத்தார். ஒருவரை மட்டும் மனைவியாக வைத்துக்கொண்டார், மற்றவர்களைச் சகோதரிகளாக நடத்துவதாகவும் அவர்களுக்கு எந்தக் குறையும் வைப்பதில்லை என்றும் வாக்குக் கொடுத்தார். 1693 ஜனவரி 6, மூவரசர் திருநாளில் திருமுழுக்குப் பெற்றார். விலக்கப்பட்டவர்களில் இளையவர் கடலாயி, சேதுபதியின் உறவுப் பெண். அவர் நேராக அரண்மனைக்குப் போய் முறையிட்டார். ஜனவரி 8ஆம் தேதி அருளானந்தர் கைதானார்.

இங்கே ஒரு வார்த்தை. மேடைப் பிரசங்கங்களில் கடலாயியை வில்லியாக்கிவிடுகிறோம். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஊரறியக் கட்டிக்கொடுத்த பெண் அவர். அவர் கேட்டு எதுவும் நடக்கவில்லை. ஒருவர் பாவத்தை விட்டு எழும்போது, அதோடு பின்னிக்கிடந்த பிறருக்கும் வலிக்கத்தான் செய்கிறது. தேவர் அவர்களுடைய சோற்றுக்கும் மரியாதைக்கும் பொறுப்பேற்றதையும் சேர்த்தே நாம் சொல்லவேண்டும். சேதுபதியின் கோபத்தில் மதம் மட்டும் இல்லை. தனக்குப் போட்டியாக வரக்கூடிய ஒருவர் பின்னால் புதிய கூட்டம் சேர்கிறதே என்ற அரசியல் பயமும் உண்டு.

மாற்கு நற்செய்தி ஆறாம் அதிகாரத்தை வீட்டில் எடுத்து வாசியுங்கள். ஏரோதுக்கும் இதே சிக்கல். சகோதரன் மனைவியை வைத்திருந்தான், யோவான் அது தவறு என்றார். ஏரோது யோவானை மதித்தான், அவர் பேச்சை விருப்பத்தோடு கேட்டான். ஆனால் அந்த ஒன்றை மட்டும் விடவில்லை. பிரசங்கம் பிடிக்கும், திருந்துவதுதான் பிடிக்காது. பூசை முடிந்து "இன்றைக்குப் பிரசங்கம் அருமை, சாமி" என்று யாராவது சொன்னால் எனக்கு ஏரோது ஞாபகம் வந்துவிடும், மன்னியுங்கள்.

அருளானந்தர் சபையின் நிறுவனர் இஞ்ஞாசியார் தம் ஆன்மீகப் பயிற்சிகளில் மூன்று வகை மனிதரைக் காட்டுகிறார். மூவரிடமும் பத்தாயிரம் பொற்காசு இருக்கிறது, அது வந்த வகையில் மனம் உறுத்துகிறது. முதல் ஆள் அந்தப் பற்றை விடத்தான் நினைக்கிறான், சாகும்வரை நினைத்துக்கொண்டே இருக்கிறான். இரண்டாம் ஆள் பற்று போகவேண்டும், காசு இருக்கவேண்டும் என்கிறான். மூன்றாம் ஆள் கடவுள் காட்டுகிறபடி வைத்திருக்கவும் தயார், விடவும் தயார். குருமடத்தில் இதைப் படித்தபோது பணத்தைப் பற்றிய கதை என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் நம்மில் முக்கால்வாசிப் பேர் அந்த இரண்டாம் ஆள்தான். குடியை விட்டேன் சாமி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் மட்டும். தம்பியோடு சமாதானம், ஆனால் வரப்புத் தகராறு கோர்ட்டில் அப்படியே இருக்கட்டும். இலவம் பஞ்சு எடை போடும்போது தராசில் கொஞ்சம் கை வைப்பதை எல்லோரும்தானே செய்கிறார்கள்.

அதே இஞ்ஞாசியார் கைக்கு எட்டுகிற ஒரு வழியும் சொல்கிறார். எல்லாப் பாவத்தோடும் ஒரே நாளில் மல்லுக்கட்டாதே, ஒன்றை எடு. காலையில் எழும்போது அதை நினை. மதியம் ஒருமுறை, இரவு ஒருமுறை உன்னைச் சோதி. விழுந்த தடவைக்கு ஒரு புள்ளியாகத் தாளில் கோட்டின்மேல் வை. மதியத்துக்கு ஒரு கோடு, இரவுக்கு ஒரு கோடு. நேற்றோடு இன்றையும், போன வாரத்தோடு இந்த வாரத்தையும் ஒப்பிட்டுப் பார்.

நானும் ஒரு தவக்காலத்தில் செய்து பார்த்தேன். நான் எடுத்த குறை, பிறரைப் பற்றி முதுகுக்குப் பின்னால் பேசுவது. மூன்றாம் நாள் புள்ளிகளைப் பார்த்து வெட்கப்பட்டுத் தாளை மடித்துச் செபப் புத்தகத்துக்குள் வைத்துவிட்டேன். ஒரு வாரம் கழித்துத்தான் மறுபடி எடுத்தேன். இந்தத் தவக்காலத்துக்கு அப்படி ஒரு தாளைப் பிரதி எடுத்துக் கோவிலில் வைத்திருக்கிறேன், வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் எழுத வேண்டாம், என்னிடம் காட்டவும் வேண்டாம்.

ராமநாதபுரத்திலிருந்து அருளானந்தரைச் சேதுபதியின் சகோதரர் பொறுப்பிலிருந்த ஓரியூருக்குக் கொண்டுபோனார்கள். சாவதற்கு முந்திய நாள், சிறையிலிருந்து அவர் எழுதிய கடிதத்தில் தடியத் தேவர்மீது ஒரு வருத்தமும் இல்லை. மறுநாள், 1693 பிப்ரவரி 4, பாம்பாற்றங்கரை மணல்திட்டுக்கு அவரை நடத்திச் சென்றார்கள்.